சபேசனின் முகம்

சென்னியப்பன் அன்றைக்குப் பட்டு வேட்டி கட்டியிருந்தார். மகள் கல்யாணத்துக்குப் பிறகு பீரோவை விட்டு வெளியே வராத வேட்டி அது. அதை எடுத்துக் கட்டிக்கொள்ள அவருக்குக் காரணம் இருந்தது. தமிழ்நாடு முழுக்க ஒரு லட்சத்துச் சொச்சம் வாசகர்கள் ஓட்டுப் போட்டு, அவர்கள் படமாகப் பார்க்க ஆசைப்படும் நாவல்களில் முதலாவதாக ‘கதவிலக்கம் ஒன்பது’ வந்திருந்தது. படமும் தயாராகிவிட்டது. பத்தொன்பதாம் தேதி எல்லா ஊரிலும் வெளியீடு. அதற்குப் பன்னிரண்டு நாள் முன்னதாக, தாராபுரத்துக்காரர்களுக்கு மட்டும் போட்டுக் காட்டுகிறார்கள்.

தாராபுரத்துக்கு மட்டும் ஏன் இந்த மரியாதை என்று கேட்டால் ஊரில் யாரும் சென்னியப்பனைத்தான் கை காட்டுவார்கள். கோர்ட்டில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு வாசகர் வட்டம் என்று ஒன்றை ஆரம்பித்து, இருபத்தாறு ஞாயிற்றுக்கிழமை, ஒரு வாரம் கூட விடாமல், அந்த நாவலை வாய்விட்டுப் படித்துக் காட்டியவர். எழுதிய வேதநாயகி என்ற அம்மாள் அந்த ஒரே நாவலோடு பேனாவை மூடி வைத்துவிட்டுச் செத்தும் போய்விட்டார். புத்தகம் எங்கோ பழைய பேப்பர் கடையில் கிடந்தது. அதைத் தூசி தட்டி எடுத்து, ஊர் ஊராகக் கடிதம் எழுதி, ஓட்டுக் கேட்டு, மூன்று வருடம் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியவர் இவர்.

படம் என்றால் பழைய மாதிரிப் படம் கிடையாது. ‘அகத்திரை’ என்ற நிறுவனம் எடுக்கும் வாசகர் படம். இதில் நடிகர் இல்லை, இயக்குநர் இல்லை. நெற்றியில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு புத்தகத்தைப் படிக்க வேண்டும். படிக்கிறபோது மனசுக்குள் ஓடுகிற காட்சியைப் பட்டை பிடித்து வைத்துக்கொள்ளும். ஆயிரம் இரண்டாயிரம் பேரிடம் பிடித்ததைச் சேர்த்துக் குழைத்து இயந்திரம் ஒரு படமாக்கிவிடும். புத்தகம் படித்தவர்கள் காலங்காலமாகப் படம் பார்த்துவிட்டு ‘நான் நெனச்ச மாதிரி இல்லையே’ என்று புலம்பினார்களே, அந்தப் புலம்பலுக்கு ஒரு முடிவு வந்துவிட்டது. நினைத்த மாதிரியேதான் இருக்கும். அதில்தான் வினையும் இருந்தது, ஆனால் அது அப்போது யாருக்கும் தெரியவில்லை.

பட்டை கட்டும் முகாமை நிறுவனம் தாராபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் மூன்று வாரம் நடத்தியது. காலையில் இருந்து சாயங்காலம் வரை ஜனங்கள் வந்து நெற்றியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மொத்தப் பதிவில் பாதிக்கு மேல் இந்த ஒரு ஊரில் கிடைத்தது.

கதை பெரிய கதை ஒன்றும் இல்லை. சபேசன், அவர் மனைவி தில்லை, ஒன்பதாம் எண் வீடு. சபேசன் அடிக்கமாட்டார், குடிக்கமாட்டார், குரலை உயர்த்தமாட்டார். அந்த வீட்டில் என்ன சமைப்பது, ஜன்னலை எப்போது திறப்பது, தில்லை அம்மா வீட்டுக்கு எப்போது போவது எல்லாம் அவர் வாய் திறக்காமலே முடிவாகும். கடைசிப் பக்கத்தில் தில்லை ஒரு பையை எடுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் வருகிறாள். பிறகு திரும்பி உள்ளே போய்விடுகிறாள். அவ்வளவுதான். சபேசன் எப்படி இருப்பார் என்று வேதநாயகி ஒரு வரி கூட எழுதவில்லை. “அதுதானுங்க எழுத்து,” என்று சென்னியப்பன் வட்டத்தில் சொல்லிச் சொல்லி மாய்ந்து போவார். “மூஞ்சியே காட்டாம ஒரு ஆள நம்ம முன்னால கொண்டாந்து நிறுத்தீருது பாருங்க அந்தம்மா.”

தியேட்டரில் முதல் வரிசை நடுவில் அவருக்கு இடம். பக்கத்தில் மனைவி வளர்மதி. அவளுக்குப் படிக்கிற பழக்கம் கிடையாது என்பது அவர் நினைப்பு. “நீ வந்து என்ன பண்ணப் போற, கதை புரியாது,” என்று சொல்லிவிட்டுத்தான் கூட்டி வந்திருந்தார். முதல் வரிசையில் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தால் நன்றாக இருக்காது.

விளக்கு அணைந்தது. ஒன்பதாம் எண் வீடு திரையில் வந்ததும் தியேட்டர் முழுக்க ஒரு முணுமுணுப்பு. “இதேதானுங்க, அச்சு அசலு இதேதான்,” என்று பின்னால் யாரோ சொன்னார்கள். சென்னியப்பனுக்குக் கண் நிறைந்துவிட்டது. தில்லை வந்தாள். காப்பியை ஆற்றிக்கொண்டு கூடத்துக்கு நடந்தாள். அங்கே நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் பேப்பரைத் தாழ்த்தினார்.

இடது காதுக்குக் கீழே இருக்கும் மறு உட்பட, அது சென்னியப்பன்.

முதலில் சிரிப்புதான் கிளம்பியது. “சாரு எப்பங்க நடிக்கப் போனீங்க?” என்று ஒருவர் கேட்டார். சென்னியப்பனும் திரும்பிப் பார்த்துச் சிரித்துக் கையை ஆட்டினார். இருபத்தாறு வாரம் சபேசன் பேச்சை நான்தானே படித்தேன், குரலோடு முகமும் ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். கொஞ்சம் பெருமையாகக் கூட இருந்தது. ஆனால் படம் போகப் போகச் சிரிப்பு அடங்கியது. இடைவேளையில் அவருக்குச் சுற்றிலும் இரண்டு வரிசை காலியாக இருந்தது. எல்லாரும் முறுக்கு வாங்கப் போயிருந்தார்கள். யாரும் அவரிடம் ஒரு முறுக்கை நீட்டவில்லை.

கடைசியில் தில்லை வாசல் வரைக்கும் வந்து திரும்பியபோது பெண்கள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. விளக்கு எரிந்தது. அத்தனை பேரும் முதல் வரிசையைப் பார்த்தார்கள். சென்னியப்பனைப் பார்க்கவில்லை. வளர்மதியைப் பார்த்தார்கள். அவள் மடியில் இருந்த பையைச் சரிசெய்துகொண்டு எழுந்து, அவருக்குப் பின்னால் இரண்டடி விட்டு நடந்து வந்தாள்.

அடுத்த நாளில் இருந்து ஊர் மாறிவிட்டது. யாரும் திட்டவில்லை, யாரும் மரியாதையைக் குறைக்கவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பார். பால் ஊற்ற வந்தவர், “அம்மா நல்லாருக்காங்களா?” என்று கேட்டார். இஸ்திரிக் கடையில், “வீட்ல அம்மா சௌக்கியங்களா?” கோர்ட்டில் முப்பது வருடம் கூட வேலை பார்த்தவர்கள், இத்தனை நாளில் வளர்மதி என்று ஒருத்தி இருப்பதையே விசாரிக்காதவர்கள், ரோட்டைக் கடந்து வந்து அவள் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். பஸ்ஸில் ஒரு காலேஜ் பெண் இன்னொருத்தியிடம் ஜாடை காட்டி, “எங்க வீட்டு சபேசன் இதே மாதிரிதான்டி உக்காருவாரு,” என்று கிசுகிசுத்தது அவர் காதில் விழுந்தது. ஒரு பெயர் கெட்ட வார்த்தையாக மாறிக்கொண்டிருக்கிறது, அந்த வார்த்தைக்குத் தன் முகத்தைப் படமாகப் போடப் போகிறார்கள் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தாராபுரத்தோடு போனால் கூடப் பரவாயில்லை. பத்தொன்பதாம் தேதிக்குப் பிறகு எந்த ஊரில் போய் இறங்கினாலும் அவர் சபேசன்.

மகள் நிவேதா ஓசூரில் இருந்து கூப்பிட்டாள். அவளுக்கும் யாரோ செய்தி சொல்லியிருந்தார்கள். அப்பா, இது அநியாயம் என்று அவள் சொல்லுவாள் என எதிர்பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு உட்கார்ந்தார்.

“அம்மாகிட்ட குடுங்கப்பா,” என்றாள்.

வளர்மதி பத்து நிமிடம் ‘ம்’ மட்டும் சொன்னாள்.

“என்ன சொல்றா?” என்று கேட்டார்.

“சாப்புட்டியான்னு கேட்டாளுங்க. சாப்புட்டேன்னு சொன்னனுங்க.”

பதிமூன்றாம் தேதி கோயம்புத்தூரில் இருக்கும் அகத்திரை அலுவலகத்துக்குப் போனார். அங்கே வாசகர் குறைகளைக் கேட்பதற்கென்று ஃபர்ஹானா என்ற பெண் இருந்தாள். முப்பது வயதிருக்கும், பொறுமையானவள். அவர் முகத்தைப் பார்த்ததும் அவள் கண்ணில் ஒரு சின்ன அதிர்ச்சி வந்து போனதை அவர் கவனித்தார். இந்த அலுவலகத்தில் எல்லாருக்கும் அந்த முகம் பழக்கம் போலிருக்கிறது.

“இது எம் மூஞ்சிங்க,” என்றார். “எடுத்துப்போடுங்க.”

“புரியுதுங்க சார். ஆனா சட்டப்படி அது வாசகர்களோட கற்பனைன்னுதான் பதிவாகியிருக்குது. நீங்கன்னு நாங்க ஒத்துக்க முடியாதுங்க.”

“ஆயிரம் பேரு மனசச் சேத்து அரைச்சா எப்படிம்மா எம் மறு வரைக்கும் வரும்?”

“சாதாரணமா வராதுங்க. ஆயிரம் பேரு ஆயிரம் மாதிரி நெனப்பாங்க, எல்லாஞ் சேந்தா யாருக்கும் சொந்தமில்லாத ஒரு மூஞ்சி வரும். தில்லைக்கு அப்படித்தான் வந்துருக்குது. ஆனா யாராவது ஒருத்தரு மனசுல ரொம்பத் தெளிவா, முதல் பக்கத்துல இருந்து கடைசி வரைக்கும் கலையாம ஒரே உருவம் ஓடுச்சுன்னா, இயந்திரம் அதைத்தான் முதுகெலும்பா எடுத்துக்கும். மத்தவங்க நெனச்சது மேல சதை மாதிரி.” அவள் திரையைப் பார்த்தாள். “சபேசனுக்கு முக்கால்வாசி ஒரே ஒருத்தர்கிட்ட இருந்து வந்துருக்குதுங்க.”

“யாரு அந்த ஒருத்தரு?”

“அது சொல்லக்கூடாதுங்க சார். பேரு எங்களுக்கே தெரியாது, நம்பர்தான். ஆனா ஒரு வழி இருக்குது. அவங்களா வந்து பதிவைத் திரும்ப வாங்கிக்கறேன்னு எழுதிக் குடுத்தா, முதுகெலும்பு போயிரும். மிச்சம் பேரு நெனச்சதுல இருந்து வேற மூஞ்சி வந்துரும். பதினெட்டாம் தேதி சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள குடுக்கணும். போன்ல படம் புடிச்சு அனுப்பினாக் கூடப் போதுங்க. அஞ்சுக்கு மேல எல்லாத் தியேட்டருக்கும் போயிரும், அப்பறம் எங்க கையில இல்லை.”

ஒற்றைத்தாள் விண்ணப்பம் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அவர் முகம் தொங்கிப் போனதைப் பார்த்து அவளுக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும்.

“நீங்களும் பட்டை கட்டியிருக்கீங்கள்ல? உங்க பதிவை நீங்க பாக்கலாங்க. உங்களுக்கு சபேசன் எப்படித் தெரிஞ்சாருன்னு வேணா பாக்கறீங்களா?”

சென்னியப்பனுக்கு அந்த யோசனை பிடித்தது. அவர் சபேசனாக நினைத்தது அவருடைய பழைய மாஜிஸ்திரேட் ஒருவரை என்று அவருக்கு ஞாபகம். அதைக் காட்டி ஒரு வாதம் பண்ணலாம்.

ஃபர்ஹானா பதிவை ஓடவிட்டாள். ஒன்பதாம் எண் வீட்டுக் கூடம் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் உயரத்தில் இருந்து கூடம் தெரிந்தது. நாற்காலிக் கைப்பிடியில் இரண்டு கைகள். தில்லை காப்பி கொண்டுவந்தாள், நேரே இவர்களைப் பார்த்தாள், உடனே தலையைக் குனிந்துகொண்டு டம்ளரை நீட்டினாள். அடுத்த காட்சி, அதற்கடுத்த காட்சி. எங்கேயும் சபேசன் இல்லை.

“மூஞ்சியே இல்லீங்க சார்,” என்றாள் ஃபர்ஹானா மெதுவாக. “சபேசன் இருக்கற எடத்துல இருந்துதான் உங்களுக்கு எல்லாமே தெரிஞ்சிருக்குது. புஸ்தகம் முழுக்க. இந்த மாதிரிப் பதிவு நாங்க பாத்ததில்லீங்க.”

“ஆழ்ந்து படிச்சா அப்படித்தானும்மா,” என்றார் சென்னியப்பன். “பாத்திரத்துக்குள்ளயே போயிருவோம்.”

அவள் திரையை அணைத்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் ஒரு பட்டியல் எழுதினார். ஊரில் பட்டை கட்டியவர்களில் தனக்குத் தெரிந்தவர்கள், வட்டத்துக்கு ஒழுங்காக வந்தவர்கள், தன் மேல் ஏதாவது மனக்கசப்பு உள்ளவர்கள். மறுநாள் காலையில் இருந்து விண்ணப்பத்தைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏற ஆரம்பித்தார். முப்பத்தோரு வருடம் மற்றவர்கள் தன் மேஜை முன்னால் நிற்கப் பார்த்தவர், இப்போது கதவுக்குக் கதவு கைகட்டி நின்றார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

எல்லாரும் உட்காரச் சொன்னார்கள், மோர் கொடுத்தார்கள். யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொள்ள அவர்களிடம் ஒன்றும் இல்லை.

“நெசமா நானில்லீங்க,” என்றாள் உடுமலை ரோட்டில் தையல் கடை வைத்திருந்த சிவகாமி. “எனக்கு எங்க மாமனாருதான் வந்தாரு. அவரு செத்துப் பதினெட்டு வருசம் ஆச்சு, புஸ்தகத்துல வந்து உக்காந்துக்கிட்டாரு.”

தபால் ஆபீஸில் வேலை பார்த்த பெண்ணுக்கு அவள் அண்ணன். ரிட்டையரான டீச்சர் அம்மாவுக்கு அவர்கள் பள்ளித் தலைமை ஆசிரியர். புதிதாகக் கல்யாணம் ஆன ஒருத்தி, உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு, “எங்க வீட்டுக்காரருதானுங்க சார் தெரிஞ்சாரு, வெளிய சொல்லீறாதீங்க,” என்றாள். சொல்லிவிட்டு அவர் முன்னாலேயே அழ ஆரம்பித்தாள். சென்னியப்பனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவளை என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியாமல் மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பினார்.

நான்கு நாளில் அறுபத்து மூன்று வீடு. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சபேசன் இருந்தார், எவருக்கும் சென்னியப்பன் முகம் இல்லை. ஒரு பக்கம் நிம்மதியாகக் கூட இருந்தது. இத்தனை பெண்கள் மனசில் தான் இல்லை. அப்படியானால் ஊரில் எவனோ ஒருவன் வேண்டுமென்றே செய்திருக்கிறான்.

அந்த எவனோ ஒருவன் துரைராஜ்தான் என்று அவர் முடிவு கட்டினார். மருந்துக்கடை துரைராஜ் அவருக்கு இருபத்தைந்து வருடச் சிநேகம். வாசகர் வட்டத்துக்குத் தலைவராக வர ஆசைப்பட்டு இரண்டு தடவை தோற்றவர். பதினெட்டாம் தேதி மத்தியானம் இரண்டு மணிக்கு, கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய் விண்ணப்பத்தை மேஜை மேல் வைத்தார்.

“கையெழுத்துப் போடுங்க. எதுக்குப் பண்ணுனீங்கன்னு கேக்க மாட்டேன்.”

துரைராஜ் தாளைப் படித்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“நான் பட்டையே கட்டலீங்க, சென்னியப்பண்ணா. எனக்குப் படிக்கறப்ப மனசுல ஒண்ணும் தெரியாது. வெறும் எழுத்துத்தான் தெரியும். அதைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு, அதனால கட்டுனேன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.”

சென்னியப்பன் நம்பவில்லை என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது. துரைராஜ் எழுந்து வந்து ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

“உக்காருங்க. நான் உங்க மேல கோவப்படலை. ஆனா ஒண்ணு கேக்கறேன். படத்துல அந்தாளு சாப்புடற எடம் ஒண்ணு வருதுங்களே, கொழம்பு புடிக்காம. ஒண்ணுஞ் சொல்ல மாட்டாரு. தட்டை ஒரு விரக்கடை முன்னால தள்ளுவாரு. கை கழுவாம அப்படியே உக்காந்திருப்பாரு. அந்தப் புள்ள ஓடிப்போயி வேற ஒலை வெச்சு, ரசம் வெச்சு, கொண்டாந்து போடற வரைக்கும் கையிலே பருக்கை காஞ்சுக்கிட்டு இருக்கும்.”

“ஆமா.”

“அது புஸ்தகத்துல இல்லீங்க. நான் நேத்து எடுத்துப் பாத்தன். ‘அன்றைய குழம்பு அவருக்குப் பிடிக்கவில்லை’, அவ்வளவுதான் அந்தம்மா எழுதியிருக்குது. தட்டைத் தள்றதை யாரோ கண்ணால பாத்துருக்காங்க.” துரைராஜ் குரலைத் தாழ்த்தினார். “எங்க வீட்ல நீங்க எத்தன தடவ சாப்புட்டிருக்கீங்க. எம்பட சம்சாரம் உப்பே இல்லாம போட்டாலும் அமிர்தம்னு சொல்லிச் சாப்புடுவீங்க. நீங்க தட்டைத் தள்ளி நாங்க யாரும் பாத்ததில்லீங்கண்ணா.”

தான் தட்டைத் தள்ளுவோம் என்பது சென்னியப்பனுக்கே தெரியாது. படத்தில் அந்த இடம் வந்தபோது கூட அவருக்கு வித்தியாசமாகத் தெரியவில்லை. சாப்பாடு பிடிக்காவிட்டால் ஒரு மனுஷன் வேறு என்னதான் செய்வான் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார். விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு கடைப்படி இறங்கினார். துரைராஜ் கூப்பிட்டது காதில் விழுந்தது, திரும்பவில்லை.

கால் போன பக்கமெல்லாம் நடந்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது மணி நாலேகால். வளர்மதி சமையலறைத் தரையில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்தாள்.

“காப்பி வெக்கட்டுங்களா?”

“வேண்டாம். உக்காரு.”

அவள் உட்கார்ந்தாள். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நீ அந்தப் புஸ்தகத்தப் படிச்சியா?”

“படிச்சனுங்க.” கை காயை ஆய்ந்துகொண்டே இருந்தது. “நாலஞ்சு தடவ. நீங்க ஞாயித்துக்கெழம வட்டத்துக்குப் போறப்ப. நீங்க வெச்ச பக்கத்துல அடையாளம் மாறாமத்தான் வெப்பேன்.”

“மண்டபத்துக்கும் போனியா?”

“போனனுங்க. மத்தியானம் நீங்க தூங்கற நேரத்துல. பதினோரு நாளு.”

“என்னைக் கேக்கணும்னு தோணலியா?”

“கேட்டா, உனக்கு என்ன புரியும்னு சொல்லியிருப்பீங்க.”

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நாளைக்குப் பால்காரர் வரமாட்டார் என்பது போலச் சொன்னாள். சென்னியப்பன் சுவரோரம் சறுக்கி, அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். கல்யாணமாகி முப்பத்து நான்கு வருடத்தில் அவர் சமையலறைத் தரையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

“எதுக்கு வளர்மதி எம் மூஞ்சிய வெச்ச?”

“நான் வெக்கலீங்க.” முதல் தடவையாக அவள் கை நின்றது. “படிக்கறப்பத் தானா வந்துச்சு. எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. தப்புன்னு மாத்திப் பாத்தன். சினிமாக்காரங்க மூஞ்சி, எங்க சித்தப்பா மூஞ்சி எல்லாம் கொண்டாந்து வெச்சுப் பாத்தன். ரெண்டு பக்கம் நிக்கும். மூணாம் பக்கம் நீங்க வந்துருவீங்க. நீங்க வந்தப்பறம் கதை நல்லாப் புரிஞ்சுதுங்க.”

“நான் உன்ன ஒரு நாளு கை நீட்டியிருப்பனா? ஒரு நாளு சத்தம் போட்டுப் பேசியிருப்பனா?”

“இல்லீங்க.”

“அப்பறம்?”

“சபேசனும் இல்லீங்களே,” என்றாள்.

ஊர் ஊராகப் போய் அந்த நாவலைப் பற்றி மணிக்கணக்கில் பேசியவர். சபேசனின் கொடுமை எங்கே இருக்கிறது என்று இருபத்தாறு வாரம் விளக்கியவர். அத்தனை பேச்சில் ஒரு வார்த்தை கூட இப்போது உதவிக்கு வரவில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கத்தை விடப் பெரிதாகப் பயம் இருந்தது. நாளைக்குக் காலையில் எல்லா ஊரிலும் திரை ஏறிவிடும்.

சட்டைப் பையில் இருந்து விண்ணப்பத்தை எடுத்துப் பிரித்து அவரைக்காய்த் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். நான்கு நாள் மடித்து மடித்து அந்தத் தாள் கசங்கிப் போயிருந்தது.

“பதிவத் திரும்ப வாங்கிக்கறேன்னு எழுதிக் குடுத்தா மாத்திருவாங்களாம். அஞ்சு மணிக்குள்ள,” என்றார். குரல் பிச்சை கேட்கிற குரலாக இருந்தது.

வளர்மதி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். தாளை எடுத்து, கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்து, முழுதும் படித்தாள். அவள் உதடு அசையாமல் படிப்பதை அவர் பார்த்தார். அவளுக்குப் படிக்கிற பழக்கம் இல்லை என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார்.

“பேனா குடுங்க. எங்கீங்க போடணும், இங்கீங்களா?”

“போடறியா?” அவருக்கு நம்ப முடியவில்லை. மனசு ஒரு துள்ளுத் துள்ளியது. பேனாவை எடுத்து நீட்டினார்.

“போடுன்னு சொல்லுங்க, போடறேன்.” பேனாவின் மூடியைக் கழற்றினாள். “நீங்க சொல்லி நான் எதைங்க செய்யாம இருந்திருக்கேன்?”

அவர் வாயைத் திறந்தார். ‘போடு’ என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது. அதைச் சொன்னால் இந்த வீடு, இந்தத் தரை, தலையைக் குனிந்துகொண்டு இவள், எல்லாம் அவர் கோயம்புத்தூரில் பார்த்த பதிவில் இருந்தது போலவே இருக்கும். முகம் மாறிவிடும், தியேட்டரில். இங்கே?

“உன் இஷ்டம்,” என்றார் கடைசியில். “உனக்கு என்ன தோணுதோ அதப் பண்ணு. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்.”

வளர்மதி யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள் என்பது அவள் நெற்றிச் சுருக்கத்தில் தெரிந்தது. பிடிக்காத குழம்பை யாரோ முன்னால் வைத்த மாதிரி தாளையே பார்த்தாள், ஆனால் தள்ளவில்லை.

“எனக்கு என்ன இஷ்டம்னு தெரியலீங்களே,” என்றாள். “யோசிச்சுப் பாத்துட்டன். ஒண்ணுமே வரமாட்டீங்குது. நீங்களே ஒண்ணு சொல்லீருங்க.”

“போட வேண்டாம்.” அது அவர் வாயில் இருந்து வந்துவிட்டது.

“சரிங்க,” என்று உடனே பேனாவை மூடினாள்.

“இல்ல, இல்ல. நான் சொன்னேங்கறதுக்காக வேண்டாம்.”

“சரிங்க,” என்று மறுபடி திறந்தாள்.

ஹாலில் இருந்த கடிகாரம் நாலரை அடித்தது. சென்னியப்பன் அவளைப் பார்த்தார். சேர்ந்தாற்போல இத்தனை நேரம் அவள் முகத்தைப் பார்த்ததாக அவருக்கு ஞாபகம் இல்லை. நரை, கண்ணுக்குக் கீழே கருமை, மூக்கில் ஒரு சின்னத் தழும்பு. அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று அவருக்குத் தெரியாது. கேட்டால் சொல்லுவாள். கேட்டது எதற்குத்தான் அவள் பதில் சொல்லாமல் இருந்திருக்கிறாள். அவருக்கு அழுகை வந்தது. அழுதால் அவள் பயந்துபோய்க் கையெழுத்தைப் போட்டுவிடுவாள் என்று அதையும் விழுங்கிக்கொண்டார்.

ஐந்து அடிப்பதற்குப் பத்து நிமிடம் இருந்தது. அவள் பேனாவைத் தாளின் கோட்டுக்கு மேலே பிடித்துக்கொண்டு, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சொல்லுங்க,” என்றாள்.